அக்கி என்று பெயர் வைத்ததோடு நிறுத்திவிடாதீர்கள்

முதியவர்களை முதலில் பார்க்கும் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்திதான். 26 வருடமாகச் செவிலியர் வேலை. அதில் பாதிக்கு மேல் புறநோயாளிகள் பிரிவில், வருகிறவரை உட்கார வைத்து விசாரிக்கும் மேசையில் கழிந்தது. அந்த மேசையில் இருப்பவர்களுக்காகத்தான் இந்த மடல். அடுத்த அறையில் மருந்துச் சீட்டு எழுதுகிற மருத்துவர்களும் படித்தால் சந்தோஷம்.

விஷயம் அக்கி. அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கஷ்டமில்லை. உடம்பின் ஒரு பக்கம் மட்டும், முதுகிலிருந்து சுற்றி வரும் ஒரு பட்டை போல, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். நடுக்கோடு வந்ததும் கத்தரித்தது போல நின்றுவிடும். அனுபவம் உள்ளவர் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். என் குறையே அங்கேதான் தொடங்குகிறது. அரை நிமிடத்தில் பெயர் கிடைத்துவிடுவதால் விசாரணையும் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கேட்க வேண்டியதெல்லாம் அந்தப் பெயருக்குப் பிறகுதான் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது அவருக்கு 78 வயது. ஒரு நாள் காலையில் போனில், "வலது விலாவுல என்னமோ எரியுதுடி, தோலுக்குள்ள நெருப்பு வெச்ச மாதிரி" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சுளுக்காக இருக்கும், தைலம் தேய்த்துக்கொள் என்றேன். இத்தனை வருடம் இந்த வேலையைப் பார்த்தவள் சொன்ன பதில் இது. மறுநாள் பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். இசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. வாயுத் தொல்லைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அன்றைக்குத் தோலில் எதுவும் இருந்திருக்காது. அதனால் அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே, சிலருக்கு அதற்கும் முன்பே, வலி வந்துவிடும். நெஞ்சில் வந்தால் மாரடைப்பு, வலது விலாவுக்குக் கீழே வந்தால் பித்தப்பைக் கல், இடுப்பில் வந்தால் சிறுநீரகக் கல், தாடையில் வந்தால் பல்வலி என்றுதான் யாருக்கும் தோன்றும். அவற்றை முதலில் பார்ப்பதும் நியாயம்தான். ஆனால் ஒரே ஒரு வரி சொல்லி அனுப்பியிருக்கலாம்: "இதே இடத்தில் தோலில் ஏதாவது கிளம்பினால் அன்றைக்கே திரும்பி வாருங்கள்." அவர்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான்காம் நாள் கொப்புளம் வந்தது. தைலம் பொசுக்கிவிட்டது என்று நினைத்து ஒரு நாள் பேசாமல் இருந்துவிட்டார். ஐந்தாம் நாள் வேறொரு மருத்துவமனை. அங்கே பார்த்தவுடன் அக்கி என்று சொல்லிவிட்டார்கள். அக்கியை உண்டாக்கும் வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள். வலிக்கு டைக்ளோஃபெனாக். சீட்டு கைக்கு வர மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அந்த அளவு அப்படியே இருக்கும். புத்தகத்தில் இல்லாதது அம்மாவின் கைப்பையில் இருந்தது: நான்கு மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.6. அம்மாவின் எடை 42 கிலோ. வயது, எடை, கிரியாட்டினின் மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 20 மில்லிக்கும் கொஞ்சம் கீழே வருகிறது. 25க்குக் கீழே இறங்கினாலே அந்த 5 வேளையை 3 வேளையாகக் குறைக்க வேண்டும். டைக்ளோஃபெனாக்கை அந்தச் சிறுநீரகத்துக்குக் கொடுத்திருக்கவே கூடாது. வலியில் தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் ராத்திரி, கட்டில் காலடியில் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருக்கிறது, அதற்குப் பால் ஊற்று என்று சொல்ல ஆரம்பித்தார். வீட்டில் நாயே கிடையாது.

வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். உடம்பில் தேங்கிய மருந்துதான் காரணம் என்பது மருத்துவமனையில் சேர்த்துப் பரிசோதித்த பிறகு தெரிந்தது. வைரஸே மூளைக்குப் போயிருக்குமோ என்ற சந்தேகமும் இருந்தது. அதையும் பார்க்கத்தான் வேண்டும், பார்த்தார்கள். மாத்திரையை நிறுத்தி, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, மூன்று நாளில் நாய்க்குட்டி போய்விட்டது. வலி மட்டும் 7 மாதம் இருந்தது.

இதிலிருந்து நான் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். முதலாவது, நாள் கணக்கு. வைரஸை அடக்கும் மாத்திரைகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறோம். கொப்புளம் தோன்றிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும், வலி தொடங்கிய நேரத்திலிருந்து இல்லை. "எத்தனை நாளா இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டால் முதியவர் வலி வந்த நாளைத்தான் சொல்வார். ஒரு பெரியவர் ஆறு நாள் என்று சொல்லி, லேட்டாகிவிட்டது என்று மருந்தில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். துருவிக் கேட்டபோது கொப்புளம் முந்தின நாள் சாயங்காலம்தான் வந்திருந்தது. ஆகவே இரண்டு கேள்வியாகக் கேளுங்கள்: எரிச்சல் என்றைக்கு, கொப்புளம் என்றைக்கு. முதுகில் இருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. கூட வந்தவரைக் கேளுங்கள். இன்னொன்று, 72 மணி நேரம் தாண்டிவிட்டது என்பதாலேயே கதவை மூடவும் கூடாது. புதுக் கொப்புளம் இன்னும் கிளம்பிக்கொண்டிருந்தாலோ, கண் பக்கம் வந்திருந்தாலோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தாலோ அதற்குப் பிறகும் மருந்து கொடுப்பார்கள்.

அந்த மாத்திரை எதற்கு என்பதையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். புண் சீக்கிரம் ஆறும், இப்போதுள்ள வலி கொஞ்சம் சீக்கிரம் தணியும். பின்னால் நீடிக்கிற நரம்பு வலியைத் தடுத்துவிடும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது.

சரி, வலிக்கு வருகிறேன். நாம் அதிகமாகக் கோட்டைவிடுவது இங்கேதான்.

"வலி இருக்கா?" என்று கேட்கிறோம். "வலி இல்லம்மா" என்று பதில் வருகிறது. படிவத்தில் 'இல்லை' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் நம் மொழியில் வலி என்பது ஒரு தனிச் சொல். எரிச்சல் வலியில் சேராது. குத்தல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, சுருக்கென்று இழுப்பது வேறு, அரிப்பு வேறு, மதமதப்பு வேறு. அக்கி வந்தவர் அனுபவிப்பது பெரும்பாலும் வலி என்ற சொல்லுக்குள் அடங்காத இவைதான். அதனால் அந்த ஒற்றைக் கேள்வியை விட்டுவிட்டு, "எரியுதா, குத்துதா, கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கா, மரத்துப்போன மாதிரி இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொன்ன அதே வாய் பத்து நிமிடம் பேசும். அவர் சொன்ன சொல்லையே படிவத்தில் எழுதுங்கள். நரம்பு வலியா தசை வலியா என்று மருத்துவர் தீர்மானிக்க அந்தச் சொல் உதவும்.

அப்புறம் அந்த 0 முதல் 10 வரை மதிப்பெண். எனக்கு அதன்மேல் விரோதம் இல்லை. நேற்று 8, இன்று 5 என்று ஒப்பிட அது தேவை. ஆனால் பல முதியவர்கள் எண் கேட்டால் திகைக்கிறார்கள், அல்லது நம்மைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று 3 என்கிறார்கள். எண்ணோடு சேர்த்து, வலி எதையெல்லாம் நிறுத்திவிட்டது என்று கேளுங்கள். நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? எந்தப் பக்கம் படுத்தீர்கள்? குளித்தீர்களா? சாப்பாடு இறங்குகிறதா? அம்மா 4 என்று மதிப்பெண் கொடுத்த அன்று, மூன்று நாளாக உள்ளாடை போடவில்லை, இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். "துணி பட்டாலே உசுரு போகுது, இதுக்கு எத்தனை மார்க்குன்னு எனக்கு என்னடி தெரியும்" என்றார்.

துணி பட்டாலே உயிர் போவது வெறும் பேச்சு இல்லை. சாதாரணத் தொடுதலையே வலியாக உணர்வது நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம். சொல்லிவிட்டு, அனுமதி கேட்டு, கொப்புளம் இல்லாத ஓரத்தில் பஞ்சுத் துணுக்கால் லேசாக வருடிப் பாருங்கள். முதலில் நல்ல பக்கம், பிறகு நோயுள்ள பக்கம். முகம் சொல்லிவிடும். இதைக் குறித்து வைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொப்புளம் வந்து மூன்று மாதம் கழிந்தும் வலி நீடித்தால் அதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்கிறோம். யாருக்கு அது வரும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் வயது ஏற ஏறவும், கொப்புளத்துக்கு முன்பே கடும் வலி இருந்தாலும், முதல் நாட்களில் வலி அதிகமாக இருந்தாலும், கொப்புளம் நிறைய இருந்தாலும், கண் பக்கம் வந்தாலும் வாய்ப்பு கூடும் என்று தெரியும். முதல் நாள் நீங்கள் எழுதும் வலிக் குறிப்பை வைத்துத்தான் யாரை அடிக்கடி திரும்பக் கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.

மறதி நோய் உள்ளவர் எதையும் சொல்ல மாட்டார். அவர் மூச்சு வாங்குகிறாரா, முனகுகிறாரா, முகம் சுளிக்கிறாரா, உடம்பை இறுக்கிக்கொள்கிறாரா, தட்டிக்கொடுத்தால் அடங்குகிறாரா என்று நாம்தான் பார்க்க வேண்டும். குளிப்பாட்ட வருகிறவரை திடீரென்று அடிக்கக் கை ஓங்கும் பாட்டியின் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் இடுப்பைச் சுற்றிக் கொப்புளம் இருந்த கதை எங்கள் பிரிவில் நடந்திருக்கிறது. அதற்கு முந்தின வாரம் அவருக்குத் தூக்க மாத்திரை கூட்டப்பட்டிருந்தது.

தோலைப் பார்ப்பதிலும் ஒரு வார்த்தை. பாடப்புத்தகப் படங்களில் சிவந்த அடித்தளத்தில் கொப்புளம் இருக்கும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ, சில நேரம் சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கறுப்பாக மட்டுமோ தெரியும். வெளிச்சத்தில், துணியை முழுதாக விலக்கி, மறுபக்கத்தையும் பாருங்கள். முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு நரம்பும் தோலில் ஒரு பட்டையை ஆள்கிறது. அந்தப் பட்டைகளின் வரைபடம் உருவானதில் பெரிய பங்கு அக்கி நோயாளிகளுடையது. ஹென்றி ஹெட், கேம்பல் என்ற, இங்கிலாந்தில் பணியாற்றிய இரண்டு மருத்துவர்கள் 1900இல் வெளியிட்ட ஆய்வு அது. கொப்புளம் வந்த பட்டைக்கும் பக்கத்துப் பட்டைக்கும் வெளியே, உடம்பெங்கும் கொப்புளம் சிதறியிருந்தால் விஷயம் வேறு. எதிர்ப்புச் சக்தி எங்கோ சரிந்திருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சை, ஸ்டீராய்டு, மூட்டுவாத மருந்துகள், உறுப்பு மாற்று, எச்ஐவி என்று எல்லாவற்றையும் கேளுங்கள். அவரைத் தனி அறைக்கு மாற்றுங்கள். வைரஸ் காற்றிலும் பரவக்கூடும்.

இனி, தலையிலிருந்து கீழே வருவோம். நெற்றியிலோ மேல் இமையிலோ கொப்புளம் என்றால் மூக்கு நுனியைப் பாருங்கள். மூக்கின் நுனிக்கும் ஓரத்துக்கும் போகிற அதே நரம்புக் கிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறது. மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் கண் பாதிக்கப்பட வாய்ப்பு மிக அதிகம். ஹட்சின்சன் அறிகுறி என்று படித்திருப்பீர்கள். ஆனால் மூக்கு சுத்தமாக இருக்கிறது என்பதற்காக நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மூக்கில் ஒன்றுமில்லாமலே கண் கெட்டவர்கள் உண்டு. முதியவரிடம் "பார்வை மங்குதா?" என்று கேட்டுப் பயனில்லை. புரை விழுந்த கண் ஏற்கெனவே மங்கல்தான். ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, விரலை எண்ணச் சொல்லி, எழுத்தை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். கண் சிவப்பா, வெளிச்சம் கூசுகிறதா என்று பாருங்கள். பிறகு அன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

காதுக்குள்ளோ காதைச் சுற்றியோ இருந்தால் பல்லைக் காட்டச் சொல்லுங்கள், கண்ணை இறுக்கி மூடச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினால் அது முக நரம்பைப் பாதிக்கும் ராம்சே ஹன்ட் நோய்க்குறி. காது கேட்காமல் போகலாம், தலை சுற்றலாம். பக்கவாதம் என்று நினைத்து ஓடுபவர்களும் உண்டு. அந்தச் சந்தேகத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அக்கி வந்த பிறகு சில வாரங்களுக்குப் பக்கவாத ஆபத்தும் கூடுகிறது. பிட்டத்திலோ பிறப்புறுப்புப் பக்கமோ இருந்தால், சிறுநீர் கழிந்து எவ்வளவு நேரமாகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த நரம்புகள் பாதித்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், மலமும் இறுகும். ஆண்களுக்கு இதையும் புராஸ்டேட் தலையில் போட்டுவிடுகிறோம்.

வலி மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாக. கபாபென்டின், பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின் எல்லாமே முதியவரைத் தள்ளாட வைக்கும். ராத்திரி எழுந்து கழிப்பறைக்குப் போகிறவரா, கைத்தடி வைத்திருக்கிறாரா, தனியாக இருக்கிறாரா என்பது நமக்குத்தான் தெரியும், சீட்டு எழுதுகிறவருக்குத் தெரியாது. தெரிந்ததைச் சத்தமாகச் சொல்லுங்கள். குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவதுதான் முறை. இடுப்பெலும்பு முறிந்த பிறகு நரம்பு வலியைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை.

தொற்று பற்றிக் குடும்பம் கட்டாயம் கேட்கும். பயத்தில் முதியவரை ஒரு அறையில் போட்டுப் பூட்டாத குறையாக ஒதுக்கிவிடுகிறார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கி தொற்றாது. சின்னம்மை வராதவருக்கும் அதற்குத் தடுப்பூசி போடாதவருக்கும் கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வரலாம். கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் ஆகியோர் மட்டும் பொருக்கு கட்டும்வரை தள்ளி இருக்கட்டும். கொப்புளத்தைத் துணியால் மூடிவைத்து, கை கழுவினால் மற்றவர்கள் பக்கத்தில் உட்காரலாம், பேசலாம். "என் கிட்ட யாரும் வர மாட்டேங்கறாங்க" என்று ஒருவர் அழுதால் அதுவும் நம் மதிப்பீட்டில் எழுத வேண்டிய வரிதான்.

சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸ் என்பதும், சிறுவயதில் வந்தது நரம்பு முடிச்சில் பல்லாண்டு தூங்கி எழுவதே அக்கி என்பதும் இன்று நமக்குச் சாதாரண விஷயம். அந்தக் கருத்துக்கு 1965இல் தெளிவான வடிவம் கொடுத்த ஹோப்-சிம்ப்சன் பெரிய ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் இல்லை. அவர் ஒரு குடும்ப மருத்துவர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 ஆண்டுகள் விடாமல் குறித்துவைத்தவர். நம் மேசையில் இருப்பதைப் போன்ற நோட்டுதான் அவரிடமும் இருந்தது.

தடுப்பூசி பற்றி: 50 வயதுக்கு மேல் இரண்டு தவணை, பொதுவாக 2 முதல் 6 மாத இடைவெளியில். ஒரு முறை அக்கி வந்தவரும் ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம். இப்போதுள்ள வலிக்கு அது மருந்து இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏமாந்துபோவார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் பிரிவின் படிவத்தில் 'தோல்' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. அம்மா வீடு திரும்பிய வாரம் நான் அதற்குக் கீழே பேனாவால் எட்டுக் கேள்வி எழுதி நகல் எடுத்து வைத்தேன்: எரிச்சல் என்றைக்கு, கொப்புளம் என்றைக்கு, கண், காது, சிறுநீர், கிரியாட்டினினும் எடையும், ராத்திரித் தூக்கம், வீட்டில் கூட யார். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் போன் செய்து கேட்க இரண்டு கோடு. ஒரு வருடம் நகலாகவே ஓடியது, இப்போது அச்சில் வந்துவிட்டது. உங்கள் இடத்தில் படிவம் அச்சடிக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ, இந்த மடலை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அச்சாகி வரும்வரை பேனா இருக்கிறது.

அன்புடன்,
உங்களோடு அதே மேசையில் உட்காரும் ஒருத்தி